பன்னிரண்டு பேருக்குப் பொருந்திய கார்

கேப்டன் ராணுவத்தில் இருந்தவர் அல்ல. இளமையில் இரண்டு கார் பந்தயங்களில் ஓட்டியவர். அதில் ஒன்றைக் கடைசி வரை ஓட்டியவர். அந்தத் தகுதியில் எங்கள் கார் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவரானார், பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. அவர் பெற்றெடுத்த பிள்ளைதான் அந்த இரண்டு கதவு சிவப்புக் கார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். கேப்டனுக்கு வைரக் குஞ்சு.

குஞ்சை வாங்கத்தான் ஆளில்லை. முதல் வருடத்தில் ஐயாயிரம் போகும் என்றார்கள். நூற்றுப் பதினொன்று போனது. அதிலும் ஏழு திரும்பி வந்துவிட்டன.

"கார்ல ஒரு குறையும் இல்ல. விற்கத் தெரியாதவங்க கையில கொடுத்திருக்கோம்," என்று கேப்டன் முதலாளியிடம் சொல்லிவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான், ஆனால் முதலாளி நம்பிவிட்டார். எங்கள் ஷோரூம்களிலேயே பெரியதில், இந்தக் காருக்கென்றே ஒரு விற்பனையாளர் இருந்தார். வருடம் முழுக்க அவர் விற்றது இரண்டே இரண்டு. சனிக்கிழமை கேப்டன் வாடிக்கையாளர் போலப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அதை வைத்துத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்த ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள். சாட்சிக்கு நானும் போக வேண்டும்.

நான் யாரென்று சொல்லவில்லையே. அந்தக் காரின் இருக்கைக்கு அளவெடுத்தவள் நான். 'பொருந்துகிறது' என்று கடைசிக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். அந்த வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலையில் பன்னிரண்டு பேரும் வரிசையாக மாதிரிக் காரில் ஏறி, உட்கார்ந்து, இறங்க வேண்டும். பிறகு ஒரு தாளில் பொருந்துகிறதா, பொருந்தவில்லையா என்று குறிக்க வேண்டும். முதல் மாதம் ஏழு பேர் பொருந்தவில்லை என்றார்கள். ஸ்டீயரிங் தொடையில் இடிக்கிறது, கூரை தலையில் தட்டுகிறது, இருக்கையின் பக்க மெத்தைகள் இடுப்பை இடுக்கிபோலப் பிடிக்கின்றன என்று ஆளுக்கொரு புகார். கேப்டன் யாரையும் திட்டவில்லை. "இது ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கான கார்," என்று மட்டும் சொல்வார். சொல்லும்போது நம் வயிற்றைப் பார்ப்பார்.

அந்தப் பார்வைக்குப் பயந்து கேண்டீனில் கேக் வாங்க ஆளில்லாமல் போனது. மின்சார வேலை பார்க்கும் அண்ணன் லிஃப்டை விட்டுவிட்டு ஐந்து மாடி ஏறினார். நிறம் தேர்ந்தெடுக்கும் அம்மா ஐம்பத்து நான்கு வயதில் உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். நானும் ஆறு கிலோ இறங்கினேன். "காருக்கு அளவு எடுக்கிறீங்களா, காரை வச்சு உங்களுக்கு அளவு எடுக்கிறாங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். முறைத்தேன். மனிதர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பதினெட்டாம் மாதம் பன்னிரண்டு பேரும் 'பொருந்துகிறது' என்று குறித்தோம். புகார் ஏழிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியதைக் காட்டும் வரைபடத்தைச் சட்டம் போட்டு முதலாளியின் அறையில் மாட்டினார்கள். இருக்கை நன்றாகிவிட்டது என்பதற்கு அத்தாட்சியாம். இருக்கையை யாரும் ஒரு அங்குலம்கூட மாற்றவில்லை. செருப்புக்கு ஏற்றபடி காலைத் தறித்துக்கொண்டவர்கள் நாங்கள். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை நாங்கள் போனபோது காருக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் நின்றது. அப்பா, அம்மா, பத்து வயது மகள். விற்பனையாளர் ஐம்பதை நெருங்கியவர். முதுகுவலிக்காரர்கள் கட்டும் அகலப் பட்டை ஒன்றைச் சட்டைக்கு மேலேயே கட்டியிருந்தார். ஆனால் பேச்சில் மன்னன். எஞ்சினைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல, இருக்கிற காரை விற்றுவிட்டு இதை வாங்கலாமா என்று எனக்கே தோன்றியது. அந்த அப்பாவின் கண் மின்னியது. காரில் ஏறினார். ஏறினார் என்பதைவிட விழுந்தார் என்பதே சரி. உள்ளே ராஜா மாதிரி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தடவினார்.

இறங்கும்போதுதான் வினை. காலை வெளியே வைத்தார், தலை இடித்தது. தலையைக் குனிந்தார், முழங்கால் மாட்டிக்கொண்டது. விற்பனையாளர் இரண்டு கையையும் பிடித்து இழுத்தார். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். மனைவி சிரிப்பை அடக்குவதற்காக விலைப்பட்டியலை மும்முரமாகப் படித்தார். "யோசிச்சு சொல்றேன்," என்று அந்த அப்பா முணுமுணுக்க, மூவரும் நாலு கதவுக் கார்கள் இருந்த பக்கம் போனார்கள்.

"பார்த்தியாம்மா? எப்படி உட்காரணும்னு சொல்லிக் கொடுக்கத் தெரியல," என்று சொல்லிவிட்டுக் கேப்டன் நோட்டில் எழுதினார். 'விற்பனையாளர் இந்த வேலைக்குத் தகுதியற்றவர்.' கொட்டை எழுத்து. "இப்ப நான் உட்காருறேன், பாரு."

கார் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாராட்டு விருந்துகளே பதினைந்து நடந்திருக்கும். கேப்டனின் சட்டைப் பொத்தான்கள் ஏற்கெனவே கஷ்டஜீவனம் நடத்திக்கொண்டிருந்தன. அவர் நோட்டைக் காரின் மேல் வைத்துவிட்டு உள்ளே இறங்கினார். சுகமாகத்தான் இறங்கினார். பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். மறுபடி பார்த்தார். மூன்றாம் தடவை முகம் காரின் நிறத்துக்கு வந்துவிட்டது.

"அவசரப்படாதீங்க சார்," என்று விற்பனையாளர் வந்தார். "முதல்ல சீட்டைப் பின்னால தள்ளுங்க. ரெண்டு காலையும் சேர்த்து வெளிய வைங்க. தாடையை நெஞ்சோட ஒட்டிக்குங்க. மூணு சொன்னதும் என் கழுத்தைக் கட்டிப் பிடிங்க."

கேப்டன் கட்டிப் பிடித்தார். இருவரும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றார்கள்.

"வெட்கப்படாதீங்க சார். இந்த மாசம் நீங்க பதினாலாவது ஆளு."

"மத்தவங்க யாருமே வாங்கலையா?" என்று கேட்டார் கேப்டன்.

"பொண்டாட்டி பிள்ளைங்க பார்க்க ஒருத்தரைத் தூக்கி வெளிய எடுத்துட்டு, அவர்கிட்டயே என்ன கலர் வேணும்னு எப்படி சார் கேட்கிறது?"

"அப்ப அந்த ரெண்டு பேருக்கு மட்டும் எப்படி வித்தீங்க?"

"ஒருத்தர் யாருக்கோ பரிசு கொடுக்க வாங்கினார், உட்காரவே இல்ல. இன்னொருத்தர் பந்தயக் குதிரை ஓட்டுறவர்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "நான் ரெண்டுதான் வித்தேன்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?"

விற்பனையாளரின் பார்வை காரின் மேல் திறந்து கிடந்த நோட்டில் விழுந்தது. கொட்டை எழுத்தாயிற்றே, படிக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை. அவர் முகம் சுருங்கிப்போனது.

"எனக்கு இந்த வேலை வேணும் சார்," என்றார் மெதுவாக. "ஒரு வருஷமா முதுகு ஒடிய ஜனங்களை இழுத்துக்கிட்டு இருக்கேன்."

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"தப்பு இவர்கிட்ட இல்ல சார்," என்றேன். "நான் ஆறு கிலோ குறைச்சுட்டுத்தான் பொருந்துதுன்னு கையெழுத்துப் போட்டேன். நீங்க எவ்வளவு குறைச்சீங்க?"

கேப்டன் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கடைசியில் தன் வயிற்றையே பார்த்தார்.

"ஒன்பது," என்றார்.

நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விற்பனையாளர் பக்கம் திரும்பினார்.

"திங்கட்கிழமை காலைல எங்க கம்பெனிக்கு வர முடியுமா உங்களால? எங்க முதலாளி இந்தக் கார்ல இதுவரைக்கும் உட்கார்ந்ததே இல்ல. உடம்பு என்னை மாதிரி ஒன்றரை மடங்கு. கூட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி அவரை உட்கார வைக்கப்போறேன். வெளிய எடுக்க ஒரு ஆள் வேணும்."

விற்பனையாளர் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"வரேன் சார். ஆனா உடனே எடுக்க வேண்டாம். கூட்டத்தை அவர் உள்ள இருக்கும்போதே நடத்தி முடிச்சிடுங்க."