முழுப் பெயரும் பிறந்த தேதியும்

தோத்தோயின் இடது கையைப் பார்த்தவர்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். முழங்கையின் உட்புறம் நீலமும் பச்சையுமாகக் கன்றிப்போயிருந்தது. பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரச் சந்தை வாசலில் மோட்டார் ட்ரைசைக்கிள் ஓட்டுகிற கூட்டாளிகள் சும்மா விடுவார்களா?

"என்னடா, நேத்தும் வீட்ல பூசையா?"

"பூசை இல்லடா, படிப்பு. எம் பொண்டாட்டி படிக்கிறா. நான்தான் புத்தகம்" என்பான், கொஞ்சமும் கூசாமல்.

அவன் சொன்னது பொய்யில்லை. இத்தனை வருஷம் சந்தையில் மீன் விற்ற நெரிஸா, நாற்பது வயதுக்குமேல் ரத்தம் எடுக்கும் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். பயிற்சி நிலையத்தில் ரப்பர் கை ஒன்று இருந்தது. ரப்பர் கை துள்ளுமா, ஐயோ அம்மா என்று கத்துமா? அதனால் நிஜப் படிப்பெல்லாம் வீட்டில், சாப்பாட்டு மேசையில்தான். வேடிக்கை என்னவென்றால், தோத்தோய்க்கு ஊசி என்றாலே குலைநடுக்கம். அவள் கையில் பட்டையைக் கட்டியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு காதல் பாட்டு ஒன்றை ஆரம்பித்துவிடுவான். நரம்பு தப்பினால் சுருதியும் தப்பும்.

"மன்னிச்சுக்க பலங்கா, என் தங்கமே, இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சுவாள் அவள். பலங்கா என்று கொஞ்சிவிட்டால் போதும், மனுஷன் அடுத்த கையையும் நீட்டிவிடுவான்.

முதல் தேர்வில் அவள் கோட்டைவிட்டிருந்தாள். ஸ்பிரிட் தடவிய இடம் சீக்கிரம் காயட்டும் என்று, குழந்தையின் காயத்தில் ஊதுகிற மாதிரி வாயால் ஊதித் தொலைத்தாள். "இருந்த கிருமியைத் துடைச்சிட்டு வாயில இருக்கிற கிருமியை ஊதி விட்டியே, தாயே" என்று தேர்வாளர் மேம் பலோமா தலையில் அடித்துக்கொண்டார். இனி மிச்சம் ஒரே வாய்ப்பு. தேறினால் மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை. தவறினால் மறுபடி ஐஸ் பெட்டியும் மீனும்தான். கை கொடுக்க ஆளை அவரவரே கூட்டிவர வேண்டும். அவளுக்குத் தோத்தோயை விட்டால் யார் இருக்கிறார்கள்?

தேர்வு நாளில் வாசலில் இருந்தவர்கள் அவன் அடையாள அட்டையைப் பார்த்துச் சீட்டை நிரப்பி நெரிஸாவிடம் கொடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததுமே அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"சார், உங்க முழுப் பேரு, பிறந்த தேதி சொல்லுங்க."

"தோத்தோய்!"

தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற செல்லப் பெயர் அது. அறையே சிரித்தது. நெரிஸா சிரிக்கவில்லை. "முழுப் பேரு, சார்."

"கிரிசோஸ்தமோ சல்காதோ. மே பதினஞ்சு."

நெரிஸாவின் கை நின்றுவிட்டது. சீட்டில் ஜூலை இரண்டு என்றிருந்தது. மாமியார் அவன் பிறப்பைத் தாமதமாகப் பதிவு செய்ததில் வந்த வினை அது. அவளுக்கு இரண்டு தேதியும் அத்துப்படி. 'ஜூலை ரெண்டுதானே சார்?' என்று ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் அவன் ஆமாம் என்று தலையாட்டிவிடுவான், வேலை முடிந்தது. ஆனால் பதிலை நாம் எடுத்துக் கொடுக்கவே கூடாது என்று மேம் பலோமா எத்தனை முறை தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்! அவர் இப்போது பேனாவோடு பக்கத்திலேயே நிற்கிறார்.

நெரிஸா ஊசியைத் தட்டில் வைத்தாள். "மேம், இவரு சொல்ற தேதி சீட்டோட ஒத்துவரல. நான் ரத்தம் எடுக்க மாட்டேன்."

"உன் புருஷன்தானேம்மா?"

"இந்த நாற்காலியில உக்காந்தா இவரு யாரோ எவரோ, மேம்."

"வேற ஆளு கிடையாது, தெரியும்ல?"

"தெரியும் மேம்."

தோத்தோய்க்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எழுந்தே விட்டான். "நான் யாரோவா? வருஷா வருஷம் மே பதினஞ்சுக்குப் பன்சித் நூடுல்ஸ் கிண்டிப் போட்டவ யாருடி? கையெல்லாம் புண்ணாக்கிட்டு இப்ப ஆளைத் தெரியலையா உனக்கு? போறேன் போ!"

அவன் கை கதவில் பட்டது. நெரிஸா மெல்லச் சொன்னாள்.

"உனக்கு ரெண்டு கிட்னியும் போச்சுன்னு சொன்னாங்களே, அப்போ ரத்தம் எடுத்த பொண்ணுக்கும் உன்னை நல்லாத் தெரியும், பலங்கா. தினம் உன் வண்டியிலதான் வேலைக்குப் போனா. தெரிஞ்ச ஆளுதானேன்னு பேரு கேக்கல, குழாய்ல தோத்தோய்னு எழுதிட்டா. நீ சண்டைச் சேவலை வித்துட்டு, சவப்பெட்டி விலை விசாரிச்ச. நான் மீன் கூடைக்குப் பின்னால உக்காந்து அழுதேன். நிஜமாவே கிட்னி போனது மேலத்தெருவுல இருந்த இன்னொரு தோத்தோய்க்கு, உன் கைக்கு வந்தது அவரு ரிப்போர்ட்டு. அவரு தனக்கு ஒண்ணுமில்லைன்னு குடிச்சுக் கூத்தடிச்சுக்கிட்டிருந்தாரு. கடைசியில அவரைக் காப்பாத்த முடியலையே. அதுக்குத்தானேடா நான் இந்தப் படிப்புக்கே வந்தேன்!"

தோத்தோய் திரும்பி வந்தான். சட்டைப் பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து மேம் பலோமாவிடம் நீட்டினான். அவர் அதைச் சீட்டோடு ஒத்துப் பார்த்துத் தலையசைத்ததும் உட்கார்ந்து கையை நீட்டினான்.

"சார், உங்க முழுப் பேரு, பிறந்த தேதி சொல்லுங்க" என்று நெரிஸா முதலிலிருந்து தொடங்கினாள்.

"கிரிசோஸ்தமோ சல்காதோ. ஜூலை ரெண்டு, மேம்."

பட்டையைக் கட்டினாள், ஸ்பிரிட் தடவினாள், அது தானாகக் காயும்வரை வாயை மூடிக்கொண்டு பொறுத்திருந்தாள். ஊசி ஒரே குத்தில் இறங்கியது. அவன் பாடவில்லை, கண்ணையும் மூடவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, அவன் கண்ணெதிரிலேயே முழுப் பெயரை ஒட்டினாள்.

"தேறிட்டே. எழுந்து போய் மூஞ்சியைக் கழுவு" என்றார் மேம் பலோமா.

நெரிஸா அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பஞ்சு வைத்து மடக்கிய கையோடு தோத்தோய் மற்ற கையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டான். பிறகு, அடுத்த நாற்காலியில் வெலவெலத்து உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்:

"தம்பி, எம் பொண்டாட்டிக்கு என்னையே யாருன்னு தெரியாது, பாத்தேல்ல? உன் ரத்தத்தை இவகிட்ட நம்பிக் குடுக்கலாம்."