நெப்போலியனின் கேஸ்

குணரத்தினம் எழுதிய கேஸ்களில் தோற்றவை குறைவு என்று பாரிஸில் தமிழர் கூடும் லாச்சப்பலில் ஒரு பேச்சு உண்டு. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், கைபேசி திருத்தும் கடைக்குப் பின்னால், ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும்தான் அவருடைய கந்தோர். அகதி அந்தஸ்துக் கேட்டு வந்து இறங்கியவர்களின் கதைகளை இருபது வருடமாக அங்கே இருந்துதான் எழுதினார். பதினான்கு வருடங்களுக்கு முன் தவசீலனுக்கும் அவர்தான் எழுதினார். அது வென்றது. அதனால், பிரெஞ்சுக் குடியுரிமை விசாரணைக்கு இரண்டாம் முறையாகக் கடிதம் வந்ததும் தவசீலன் வேறு யோசனை இல்லாமல் அவரிடமே போனான்.

முதல் முறை, பிரான்ஸ் சரித்திரத்தில் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வன்னியில் ஊர்மாறி ஊர்மாறி ஓடியதில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகக் காணாதவன். பிரெஞ்சு எழுத்தை நாற்பது வயதில், கோப்பை கழுவிய கையோடு போய் ஒரு சங்கத்தின் வகுப்பில் பிடித்தவன். இரண்டு வருடம் பொறுத்து வா என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது மகள் நிருபாவுக்குப் பதினாறு. அவளுக்குப் பதினெட்டு ஆவதற்குள் அவனுக்குக் கிடைத்தால், அவளுக்கும் சேர்த்தே கிடைக்கும். இந்த முறையும் தவறினால் அவள் தனியாக, முதலிலிருந்து, அதே வரிசையில் நிற்கவேண்டும்.

"ஆரைப் பற்றிப் பாடமாக்கப் போறாய்?" என்றார் குணரத்தினம்.

"நீங்களே ஒராளைப் பாத்து எழுதுங்கோ அண்ணை."

"அப்ப நெப்போலியன். அது நல்ல கேஸ். தீவிலை பிறந்தவன். பள்ளிக்கூடத்திலை அவன்ரை பிரெஞ்சைக் கேட்டுப் பகிடி பண்ணினவங்கள். பிறகு வீட்டை உடைச்சுக் கொள்ளையடிக்க, தாய் சகோதரங்களோடை கடலாலை தப்பி பிரான்சுக்கு வந்தவன். இவனுக்கு முதல் விசாரணையிலையே அகதிக் கார்ட் குடுப்பாங்கள்."

இரண்டு தாளில் எழுதிக் கொடுத்தார். தவசீலன் அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வேலை செய்யும் உணவகத்தில் கழுவுதொட்டிக்கு மேலே ஒட்டினான். கோப்பைகள் நீராவிக்குள் போய் வரும் இடைவெளியில் ஒவ்வொரு வரியாக வாய்க்குள் போட்டுக்கொண்டான். ஆயிரத்து எழுநூற்று அறுபத்தொன்பது, கோர்சிகா. ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று, படகு. மூன்று கிழமையில் தாள் தேவைப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளுக்கு ஒப்புவித்தான். படகு வரைக்கும் தலையாட்டியவள், "படையினர் வந்து கேட்டார்கள், அவர் விருப்பமில்லாமல் நாட்டின் பொறுப்பை ஏற்றார்" என்ற இடத்தில் கையைத் தூக்கினாள்.

"அப்பா, சே ஃபோ. பிழை."

"குணம் அண்ணை எழுதினது பிள்ளை."

"அவருக்கு ஆர் சொன்னது?" அவள் தன் சரித்திரப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தாள். "இவர் கூ தெத்தா செய்தவர். ஆமியைக் கூட்டிக்கொண்டு போய், சபையிலை இருந்த ஆக்களைக் கலைச்சுப்போட்டு, தானே ஷெஃப், தலைவர் ஆனவர். பாருங்கோ."

படத்தில் துவக்குமுனைக் கத்திகளோடு படையினர். சிவப்பு அங்கி போட்ட மனிதர்கள் தள்ளுப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் யன்னலால் குதித்து ஓடினார்கள் என்று கீழே எழுதியிருந்ததை அவனே எழுத்துக் கூட்டி வாசித்தான்.

உடனே குணரத்தினத்துக்குப் போன் எடுத்தான்.

"எனக்குத் தெரியாதெண்டே நினைக்கிறாய்?" என்றார் அவர். "தெரிஞ்சுதான் விட்டனான். துவக்கெண்ட கதை வந்தால் எந்த ஒஃபீசிலையும் பேனையைக் கீழை வைச்சிடுவாங்கள். உன்ரை கேஸிலை நீ பங்கர் வெட்டினதை நான் எழுதினனானோ? இல்லையெல்லே. நெப்போலியனுக்கும் அதுதான் சட்டம்."

பங்கர் என்றதும் தவசீலன் மகளைப் பார்த்தபடி போனை வைத்தான். கடைசி யுத்தத்தில் இயக்கக்காரர் ஆறு மாதம் அவனைக் கொண்டுபோய்ப் பதுங்குகுழி வெட்டவைத்தார்கள். விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. கேஸில் எழுதாமல் விட்டதை அவன் வாயாலும் சொல்லாமல் விட்டுவிட்டான். பெற்ற மகளுக்குக்கூடத் தெரியாது. வென்ற கையெழுத்தை நம்புவதா, பிள்ளையின் புத்தகத்தை நம்புவதா? வென்றதையே நம்பினான்.

பொபினி அரச கந்தோரில், விசாரணை அறையில், நரைத்த தலையோடு ஓர் அதிகாரி அம்மா இருந்தார். அவன் நெப்போலியன் என்றதும் சொல்லுங்கள் என்று சிரித்தார். தவசீலன் தண்ணீர் போல் சொல்லிக்கொண்டு போனான். தீவு, பகிடி, படகு. அவர் எழுதிக்கொண்டே வந்தார்.

"ஆட்சிக்கு எப்படி வந்தார்?"

"அவர் ஒன்றும் செய்யவில்லை, மடாம். படையினர் வந்து கேட்டார்கள். அவரால் மறுக்க முடியவில்லை."

பேனை மேசைக்கு வந்தது.

குணரத்தினம் சொன்ன அதே பேனைதான். ஆனால் துவக்கு என்ற சொல் இன்னும் அவன் வாயில் வரவே இல்லை. இன்னும் இரண்டு வருடம், நிருபா தனியாக வரிசையில், என்று தவசீலனின் மனம் ஓடியது. அதற்குப் பின்னால் அந்தப் படம் வந்தது. துவக்கைக் கண்டு ஓடுகிறவனின் முகத்தை அவன் புத்தகத்தில்தானா முதலில் பார்த்தான்?

"இல்லை மடாம்," என்றான். "நான் சொன்னது பொய். அவர் படையைக் கொண்டுபோனார். மக்கள் அனுப்பிய ஆட்களைத் துவக்கால் கலைத்தார். அவர்கள் யன்னலால் குதித்தார்கள். பிறகு நல்ல சட்டங்களும் எழுதினார், அது உண்மை. ஆனால் கதிரையை விட்டு எழும்பவில்லை. முதலில் கொன்சுல் என்ற தலைவர் பதவி. பிறகு சாகும்வரை கொன்சுல். பிறகு பேரரசர். ஒரே யுத்தம். எத்தனை தாய்மாருக்குப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. கடைசியில் அவரையும் இன்னொரு தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேயே செத்தார்."

பாடமாக்காத பிரெஞ்சு. இடையிடையே தடக்கியது. அம்மா பேனையை எடுத்திருந்தார்.

"முதலில் ஏன் வேறு மாதிரிச் சொன்னீர்கள்?"

"துவக்கு வைத்திருந்தவனின் கதையைச் சொன்னால் என்னையும் அவனோடு சேர்த்துப் பார்ப்பீர்கள் என்று பயந்தேன்."

"நெப்போலியனோடா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். சிரித்து முடித்ததும் அவர் கேட்டார்: "சரி, உங்களுக்குக் குடியரசு என்றால் என்ன?"

தாளில் இதற்கும் ஒரு பதில் இருந்தது. அது ஞாபகம் வரவில்லை.

"நேரம் முடிந்ததும் கதிரையில் இருப்பவர் எழும்பிப் போவது, மடாம். அதற்காக ஒருவரும் யன்னலால் குதிக்கத் தேவையில்லை."

அவர் நெடுநேரம் எழுதினார். பிறகு அவனுடைய ஃபைலைப் புரட்டி ஒரு தாளை வெளியே எடுத்தார். "மகளின் பள்ளிக்கூடக் கடிதம் போன வருடத்தது. புதிதாக ஒன்று அனுப்புங்கள். உங்களோடு அவளுடைய பெயரையும் சேர்ப்பதற்கு அது வேண்டும்."

பின்னேரம் வேலைக்குப் போகும் வழியில் தவசீலன் குணரத்தினத்தின் கந்தோருக்குப் போய் நடந்ததைச் சொன்னான். அவர் தேத்தண்ணியை வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்தபடியே கேட்டார்.

"பங்கர் வெட்டினதையும் கொட்டிப்போட்டியோ?"

"அவ கேக்கேல்லை அண்ணை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

"அப்ப என்ரை நெப்போலியனுக்கு ரிஜெக்ட்."

"அவருக்கு ரிஜெக்ட்தான். எனக்கு இன்னும் முடிவு வரேல்லை."

குணரத்தினம் ஒரு மிடறு குடித்தார். "பிள்ளையின்ரை கடிதம் கேட்டவை எண்டால் காரணமில்லாமல் கேக்க மாட்டினம்," என்றார். பிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில், "அந்தப் புத்தகத்தை ஒருக்கா வாங்கித் தா. இனி வாற ஆக்களுக்கு மாத்தி எழுதவேணும்," என்றார்.

தெருவில் இறங்கி மகளுக்குப் போன் எடுத்தான்.

"நிருபா, நாளைக்குப் பள்ளிக்கூடத்திலை ஒரு கடிதம் எடுக்கவேணும்."

"பூர்குவா? ஏன்?"

"உன்ரை பேரை எழுதுறதுக்கு."

"எங்கை எழுதப் போயினம்?"

"எனக்குக் கீழை," என்றான் தவசீலன். "வந்து மிச்சம் சொல்லுறன். உனக்குச் சொல்லாத கதை ஒண்டும் இருக்கு."