வயதுக்குப் பேரம்

மண்டைக்காட்டில் பாத்திரக்கடை நடத்தும் பொன்னுலிங்கம், முதலில் சொன்ன எண்ணை ஒத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. டாக்டர் காய்ச்சல் நூற்றிரண்டு என்றால்கூட, "நூறுன்னு வச்சுக்கிடுவோம்" என்பார்.

புதுக் கடைக்கு வீட்டை ஒட்டி அஸ்திவாரம் தோண்டியபோது பச்சைப் பீங்கான் சில்லுகள் கிளம்பின. யாரோ தகவல் சொல்ல, தொல்லியல் துறையிலிருந்து ஆதிரா வந்து குழிக்குள் இறங்கிவிட்டாள். அம்மன் கோயில் மாசிக் கொடைக்குள் கடை திறக்காவிட்டால் திருவிழா வியாபாரம் கடலில் கரைத்த பெருங்காயந்தான்.

"சீனத்துப் பீங்கான், அண்ணாச்சி. கப்பல்ல வந்தது. எழுநூறு வருஷம் இருக்கும்."

"மனசாட்சியே இல்லாம சொல்லுகியளே மேடம்! முந்நூறு."

"இது வெல இல்ல அண்ணாச்சி, வயசு."

"எதானா என்ன? விளிம்பு ஒடஞ்சிருக்கு, பாருங்க. ஒடஞ்ச சாமானுக்கு ஆரு எழுநூறு குடுப்பா? குழிய மூடிருவோம்."

ஆதிரா அருமனை ஊர் ரப்பர் வியாபாரி மகள். ரத்தம் சும்மா இருக்குமா? "அறுநூத்தம்பது. அதுக்குக் கீழ எறங்க மாட்டேன்" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இறங்கிவிட்டாள்! ஒரு படி இறங்கியவளைத் தரைவரைக்கும் இறக்கிவிடலாம். "நானூறு! கடைசி!" என்று முழங்கினார் பொன்னுலிங்கம்.

அங்கேதான் வினை. அவர் குரல் உயர்ந்து எண் காதில் விழுந்தால், மனைவி முத்துக்கனி விசாரணையில்லாமல் வந்து சரக்கை உசத்திப் பேச வேண்டும். கல்யாணமான நாள்முதல் அவர்கள் தொழில்முறை அது. அடுக்களையிலிருந்து வந்தாள், இடுப்பில் ஒரு ஜாடியோடு.

"நானூறா? ஒடஞ்சதுக்கே அவ்வளவுன்னா இது முழுசு மேடம்! இந்தக் குழியில கெடச்சதுதான். மூடியும் உண்டு. ஆயிரத்துக்குக் கொறைய மாட்டோம்!"

"ஏட்டி..." பொன்னுலிங்கம் பேச்சை நிறுத்தச் சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார். கடையில் அதற்கு அர்த்தம், இன்னும் ஏற்று என்பது.

"உள்ள இன்னும் ரெண்டு கெடக்கு!" என்றாள் முத்துக்கனி.

ஆதிரா ஜாடியை வாங்கி மூடியைத் திறந்தாள். கீறலில்லாத சீனப் பச்சை, உள்ளே உப்புமாங்காய். உடனே போனை எடுத்தாள். "சார், கூடாரம் அனுப்புங்க. கொடை முடிஞ்சும் தோண்ட வேண்டியிருக்கும்."

பொன்னுலிங்கம் மண்குவியலில் உட்கார்ந்துவிட்டார். பெண்டாட்டியை முறைத்தார். குழியை முறைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"இதப் பாக்க ஆளு வருமா மேடம்?"

"கொடைக்கு வாற சனம் முழுக்க எட்டிப் பாக்கும் அண்ணாச்சி."

குழியைச் சுற்றி ஸ்டீல் குடங்களை அடுக்கினால் எப்படியிருக்கும்? வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"அப்ப எழுநூறு எதுக்கு? எண்ணூறுன்னு போர்டு வைங்க. மாங்காயையும் சேத்தே எடுத்துக்கிடுங்க."