மாலையில் நீட்டிய பாவு

ஆதிகேசவனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால்தானோ என்னவோ, சொன்ன ஒரே பொய்யைக் கேட்டவர்கள் நம்பிவிட்டார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் அவருடைய தெருவுக்குப் பின்னால் நகராட்சித் திடல் ஒன்று இருந்தது. விடியற்காலையில் அது நெசவாளிகளின் இடம். சேலைக்கு நீளவாட்டில் ஓடும் இழைகள்தான் பாவு. தெருவில் இடம் போதாதவர்கள் தங்கள் பாவைத் திடலுக்குத் தூக்கி வந்து, கவைக்கோல்களை நட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நீட்டிக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து சரிபார்ப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் பொழுது சாயும்வரை அங்கே ஆடு மேயும்.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஆனி மாதத்தில் ஆடுகளுக்குப் போட்டியாகப் பையன்கள் வந்தார்கள். பையன்கள் என்றால் பதினெட்டு, பத்தொன்பது வயசுக்காரர்கள். ஆதிகேசவனின் தங்கை மகன் முனிரத்தினம்தான் முதல் ஆள். பகலெல்லாம் தறிக்குழியில் கால் மடக்கி உட்கார்ந்தவனுக்கு ஐந்து மணிக்குமேல் உடம்பு ஓட்டம் கேட்டது. முறுக்கு நூலில் அவனே முடிச்சுப் போட்டு ஒரு வலை பின்னினான். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் காலனியிலிருந்து சாமுவேல் வந்தான்; பக்கத்து ஊரான ஓரிக்கையிலிருந்து இரண்டு சவுக்குக் கம்புகளைச் சைக்கிளில் கட்டி இழுத்து வந்தது அவன். கூடவே தெருவைச் சேர்ந்த இளங்கோவனும் இன்னும் நாலு பேரும். படித்த பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் பழைய மட்டைகளைக் கொடுத்தார். பூப்பந்தாட்டம் தொடங்கிவிட்டது.

சும்மா ஆடியிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நகராட்சிக்கு மனு போட்டார்கள். திடலை மேடு பள்ளம் தட்டி, நல்ல கம்பம் நட்டுத் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தெருக்காரர்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் செய்து தருகிறோம், ஓவர்சியர் நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது.

மனுவின் கீழே பதினோரு கையெழுத்து. அதில் ஆறு, காலனிக் கையெழுத்து.

தெருச் சங்கத் தலைவர் கலியாணசுந்தரம் அன்றைக்கே சங்கத்தைக் கூட்டினார்.

"பசங்க ஆடட்டும், நான் வேணாங்கல. யாரு யாரோட ஆடுறதுன்னு ஒண்ணு இருக்குது இல்ல? இன்னிக்குப் பந்து எடுக்க வருவான். நாளைக்குத் தாகம்னு வாசல்ல வந்து நிப்பான். அப்புறம்?"

அப்புறம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஆதிகேசவனும் கேட்கவில்லை.

"அத்த அப்பிடியே எழுதிக் குடுத்துடலாமா அண்ணே?" என்றார் ஒருவர்.

"எழுதிக் குடு. போலீஸ்காரன் நேரா உன் வூட்டுக்கு வருவான். சட்டம் இருக்குதுய்யா! வேற எதுனா சொல்லணும். இன்னா ஆதி, நீதான் காரியதரிசி. சொல்லேன்."

ஆதிகேசவன் நல்ல நெசவாளி, நல்ல மனுஷன். யார் வீட்டுப் பாவு அறுந்தாலும் கூப்பிடாமலே போய் உட்காருவார். ஆனால் அவரிடம் ஒரு பலவீனம் இருந்தது. பெரியவர்கள் ஒரு கேள்வியை அவர் பக்கம் திருப்பிவிட்டால், பதில் சொல்லிப் பெயர் வாங்காமல் இருக்க முடியாது.

"பாவு இருக்குதே அண்ணே," என்றார். "தறி ஜாஸ்தி ஆயிட்டுது, காலையில எடம் பத்தல, சாயங்காலமும் பாவு போடுறோம்னு சொல்லிட்டா? பாவு கெடக்கிற எடத்துல எவன் ஆடுவான்?"

கலியாணசுந்தரம் அவர் முதுகில் தட்டினார். "இதுக்குத்தான் ஆதி வேணுங்கிறது!"

அந்தத் தட்டல் வீடு வரும்வரை இதமாகத்தான் இருந்தது.

சொன்னால் மட்டும் போதாது, ஓவர்சியர் வந்து கேட்கும்போது நாலு பேர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ஆதிகேசவன் பரணில் ஏறினார். சாயம் பிசகியதென்று ஒதுக்கிப் போட்ட பருத்தி நூல் ஒரு மூட்டை கிடந்தது, அரக்குச் சிவப்பு. பாதி இழை மக்கியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பட்டுப் பாவு மாதிரியே இருக்கும். கிட்டே வந்து தொட்டால்தான் தெரியும். யார் தொடப் போகிறார்கள்?

அந்தப் பக்கத்தில் பாவைத் தாண்டுகிறவன் கிடையாது. சைக்கிளில் வருகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். குடித்துவிட்டு வருகிறவனுக்குக்கூடப் பாவைக் கண்டால் நிதானம் வந்துவிடும். அந்த மரியாதையை நம்பித்தான் ஆதிகேசவன் திடலின் நட்டநடுவே நாலு கவைக்கோலை ஊன்றினார்.

முதல் நாள் மாலை மட்டையும் பந்துமாக வந்த பையன்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"சாயங்காலத்துல எவன் மாமா பாவு போடுவான்?" என்றான் முனிரத்தினம்.

"எடம் பத்தலப்பா. நீதான் பாக்குறியே, எத்தினி தறி ஆயிட்டுதுன்னு. கிட்ட வராதீங்க, பட்டு!"

"தறி அதேதான் மாமா இருக்குது."

அதற்குள் சாமுவேல் அவன் தோளைப் பிடித்து இழுத்தான். "வுட்றா முனி. அவங்க தொழிலு. நாளைக்கு ஆடிக்கலாம்." பிறகு ஆதிகேசவனைப் பார்த்து, "பந்து இந்தப் பக்கம் வராதுய்யா, நாங்க போறோம்," என்றான்.

மறுநாளும் பாவு கிடந்தது. அதற்கு மறுநாளும். பையன்கள் வந்து பார்ப்பார்கள்; ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டு, பாவைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஒருவன்கூட ஒரு காலை எடுத்து அந்தப்பக்கம் வைக்கவில்லை. ஆதிகேசவனுக்குக் காவல் இருக்கும் வேலைகூட இல்லாமல் போயிற்று. பாவைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கத் தொடங்கினார்.

ஓவர்சியர் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. சனிக்கிழமை மாலை மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஆடிக் காற்று கூரை ஓட்டைப் பேர்ப்பதுபோல அடித்தது. முதல் இடி இடித்ததும் தெருவெல்லாம் ஒரே ஓட்டம். காயப் போட்ட சாய நூல் கழிகளை உள்ளே இழுத்தார்கள்.

"மழை வருது, பாவு வெளியில கெடக்குதே!" என்றாள் ஆதிகேசவனின் மனைவி இந்திராணி.

"கெடக்கட்டும். அது இன்னா பட்டா?"

"பட்டோ பருத்தியோ, பாவு நனையிறப்ப குந்திக்கினு காப்பி குடிச்ச நெசவாளிய நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்."

அவர் பதில் சொல்லவில்லை. காப்பியையும் வைக்கவில்லை.

மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கால் மணி நேரம் இருக்கும். வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் முனிரத்தினமும் இளங்கோவனும் ஒரு மூட்டையை ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். தலையிலிருந்து தண்ணீர் ஓடுகிறது. மூட்டையின் மேலே ஒரு வெள்ளைச் சட்டை சுற்றியிருக்கிறது.

"தேடிக்கினு இருப்பீங்கன்னு ஓடியாந்தோம்," என்றான் இளங்கோவன் மூச்சிரைக்க. "மொத மழையிலயே சுருட்டிட்டோம். மேல மட்டும்தான் ஈரம். உள்ள நல்லாக்கீது பாருங்க."

"நீங்க... நீங்க ஏம்பா?"

"அங்க யாருமில்லியே. பட்டாச்சே, போயிடப்போவுதுன்னு சாமுவேலுதான் மொதல்ல ஓடுனான். கால்ல முள்ளு வேற ஏறிப்போச்சு அவனுக்கு."

சாமுவேல் வாசலுக்கு வரவில்லை. தெரு நடுவில், மழையில், வெற்று மார்போடு ஒரு காலைத் தூக்கி நின்றுகொண்டிருந்தான். அங்கிருந்தே கத்திச் சொன்னான்:

"கோச்சுக்காதீங்கய்யா, பாவுல என் கையும் பட்டுட்டுது. ரெண்டு பேரால சுருட்ட முடியல. அதான்... மழைன்னு..."

ஆதிகேசவன் தான் நட்ட கோலில் தானே குத்துப்பட்டவர்போல நின்றார்.

முனிரத்தினம் மூட்டையைக் கீழே இறக்கினான். இறக்கும்போது, மழை அவசரத்தில் கவனிக்காத இழைகளின்மேல் அவன் விரல்கள் ஒருமுறை ஓடின. பத்து வயசிலிருந்து பட்டைத் தொட்ட விரல்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவற்றை ஏமாற்ற முடியாது. சட்டையை உருவி எடுத்துப் பிழிந்தான். வெள்ளைச் சட்டையிலிருந்து ரத்தம் மாதிரிச் சிவப்புத் தண்ணீர் சொட்டியது. நல்ல பட்டு அப்படிச் சாயம் விடாது.

முனிரத்தினம் சட்டையைப் பார்த்தான். மாமனைப் பார்த்தான்.

"பத்தரமா வையுங்க மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அன்றைக்கு ஆதிகேசவன் சாப்பிடவில்லை. இந்திராணி ஏனென்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் தெருப்பக்கம் தலைகாட்டவில்லை. முனிரத்தினம் வந்து நாலு கேள்வி கேட்டால் தேவலை என்றிருந்தது. அவன் வரவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஓவர்சியர் மயில்வாகனம் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு நோட்டு. திடலில் ஒரு பக்கம் தெருக்காரர்கள், இன்னொரு பக்கம் பையன்கள். நடுவில் அந்த நாலு கவைக்கோல்கள் ஊன்றியபடியே இருந்தன.

சாமுவேல் அதே சட்டையில் வந்திருந்தான். கோயிலுக்கும் நல்லது கெட்டதுக்கும் அவனுக்கு அந்த ஒரு வெள்ளைச் சட்டைதான் போலிருக்கிறது. நன்றாகத் துவைத்துத்தான் இருந்தது. ஆனாலும் மார்பிலிருந்து வயிறுவரை சிவப்புத் திட்டுத் திட்டாக நின்றது.

"இன்னாடா, ஹோலி ஆடினியா?" என்று தெருக்காரர் ஒருவர் கேட்க, இரண்டு பேர் சிரித்தார்கள். ஆதிகேசவன் தரையைப் பார்த்தார்.

கலியாணசுந்தரம் முன்னால் வந்தார். "சாயங்காலமும் பாவு போடுறோம் சார். தொழில் நடக்கிற எடம். இங்க பந்தாட்டம் ஆவாது. காரியதரிசியக் கேளுங்க. அவரு பாவே பத்து நாளா இங்கதான் கெடக்குது."

ஓவர்சியர் விவரமான மனுஷர். தெருக்காரர்களை விட்டுவிட்டுப் பையன்கள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. சாயங்காலத்துல இங்க பாவு போடுறது உண்மையா? பயப்படாம சொல்லு."

கேட்டது சாமுவேலை.

"உண்மைதான் சார்," என்றான் அவன். "தெனமும் கெடக்குது. சனிக்கெழமை மழையில நாங்கதானே எடுத்துக் குடுத்தோம். இந்தச் சாயம்கூட அந்தப் பாவுதுதான் சார்." சட்டையைத் தொட்டுக் காட்டினான். "அவங்களுக்கு எடம் வேணும்னா... நாங்க வேற எங்கனா பாத்துக்கிறோம்."

கலியாணசுந்தரத்துக்கே கொஞ்சம் திகைப்பாகிவிட்டது. இவ்வளவு நல்ல சாட்சி தங்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவர் நினைக்கவில்லை. ஓவர்சியர் நோட்டைப் பிரித்து எழுதத் தொடங்கினார்.

முனிரத்தினம் ஆதிகேசவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவரும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பார். அது வெறுமனே காத்துக்கொண்டிருந்தது.

"சார்," என்றார் ஆதிகேசவன்.

பேனா நின்றது.

"அது பாவு இல்ல சார். மக்கிப்போன நூலு. பரண்ல கெடந்த பருத்தி. பசங்க ஆடக் கூடாதுன்னு நான்தான் கட்டி வெச்சேன். சாயங்காலத்துல எவனும் பாவு போடுறதில்ல."

"ஆதி! இன்னா பேசுற?" கலியாணசுந்தரத்தின் குரல் கிறீச்சிட்டது.

"நெசத்ததான் பேசுறேன் அண்ணே."

"எதுக்காக ஆடக் கூடாதுன்னீங்க?" என்று ஓவர்சியர் கேட்டார்.

ஆதிகேசவன் சாமுவேல் நின்ற பக்கம் பார்க்கப் போனவர், பாதியில் கண்ணைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அங்கே நின்ற எல்லாருக்கும் பதில் தெரிந்திருந்தது.

ஓவர்சியர் எழுதியதைக் கோடு போட்டு அடித்தார். "அடுத்த வாரம் ஆள் வந்து மண்ணு தட்டும். காலையில ஒன்பதுவரைக்கும் பாவு, சாயங்காலம் ஆட்டம்," என்று சொல்லிவிட்டு, திடலை நீளமும் அகலமும் காலால் அளக்கப் போனார். கலியாணசுந்தரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். ஒருவரும் ஆதிகேசவனிடம் பேசவில்லை.

"அன்னிக்கே எனக்குத் தெரியும் மாமா," என்றான் முனிரத்தினம் பக்கத்தில் வந்து. "நீங்களே சொல்லணும்னுதான் இருந்தேன்." அதோடு அவனும் தள்ளிப் போய்விட்டான்.

சாமுவேல் நொண்டிக்கொண்டே அருகில் வந்தான். திட்டப் போகிறான் என்றுதான் ஆதிகேசவன் நினைத்தார். திட்டட்டும் என்று காத்திருந்தார். அவன் முகத்தில் பெரிய பாரம் இறங்கிய நிம்மதிதான் இருந்தது.

"அப்ப அது நெசப் பாவு இல்லியாய்யா? நான் தொட்டுட்டேனேன்னு ரெண்டு நாளா ஒரே ரோசனை. தப்பு ஒண்ணும் ஆவலதானே?"

ஆதிகேசவன் குனிந்து முதல் கவைக்கோலைப் பிடுங்கினார். மழையில் இறுகிய மண், இரண்டாவது வரவில்லை. உதவிக்குச் சாமுவேல் கை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது.

"இந்தக் கோலு, நெசப் பாவுக்கு வெக்கிறதாய்யா?"

"ஆமாம்பா. தெனமும் காலையில வெக்கிறதுதான்."

சாமுவேல் கையை இழுத்துக்கொண்டான்.

தெருக்கோடியில் கலியாணசுந்தரம் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஆதிகேசவனுக்குத் தெரிந்தது. கையில் இருந்த முதல் கோலை அவர் சாமுவேலிடம் நீட்டினார்.

"புடிப்பா," என்றார்.

அவன் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. கண்ணுக்கு நேராக அந்தச் சட்டைதான் இருந்தது.