சுற்றி வரும் வசனம்

விரலுக்கடியில் கொம்பு ஒரு பக்கம் நிற்கிறது, கால் ஒரு பக்கம் நிற்கிறது, நடுவில் இருப்பது எந்த எழுத்து என்று பிடித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து இடிக்கிறது, விடாதே, விடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், மாமியார் அசந்து தூங்குகிறார், அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு பைபிளின் இந்த ஒரு வசனத்தை உடைத்து உடைத்து மனப்பாடம் செய்துவிட்டால் இன்றைய ஜெபத்தில் தப்பித்துவிடலாம், வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறேன், சாயங்காலமானால் இந்த வீட்டில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிப்பார்கள், மாமா, என் மாமனார், தொடங்குவார், வலப்பக்கமாகச் சுற்றி வரும், நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று, அதனால் வீட்டில் இருக்கிற தலைகளை எண்ணிவிட்டால் என் பங்குக்கு எது வரும் என்று மத்தியானமே தெரிந்துவிடும், அப்பா வீட்டிலும் இதே வட்டம்தான், அங்கேதான் இந்த வித்தையைக் கற்றேன், அப்பா பள்ளிக்கூட வாத்தியார், ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வாசிக்க வைத்தவர், வாசிட்டி, வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா, எனக்குன்னு வந்து பொறந்திருக்கு பாரு மண்டூகம் என்று அவர் கத்துகிறார், ஸ்கேல் விரல்முட்டியில் இறங்குகிறது, அடிக்க அடிக்க எழுத்துகள் இன்னும் கலைகின்றன, காதில் ஒரு தடவை விழுந்தால் எனக்கு எதுவும் மறக்காது அப்பா, நீங்களே வாசித்துக் காட்டுங்களேன் என்று சொல்ல நினைத்து நினைத்து ஒரு நாளும் சொன்னதில்லை, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், முட்டிவலி மட்டும் இன்னும் போகவில்லை.

பேருந்து வந்தால் இது எங்கங்க போகுது, மருந்துக்கடையில் கண்ணாடிய வீட்ல வச்சுட்டேன் தம்பி நீங்களே சொல்லிருங்க, இப்படியே ஓட்டிவிட்ட எனக்குப் பிறந்தாளே ஷாரோன், அவள் மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது டீச்சர் எங்களைக் கூப்பிட்டுவிட்டார், பிள்ளை மக்கு இல்ல, இதுக்குன்னு ஒரு பேரு இருக்கு, வேற விதமா சொல்லிக்கொடுத்தா வந்துரும், பெரும்பாலும் இது குடும்பத்துல இருக்கும், உங்க வீட்ல யாருக்காவது இருக்கா, பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஜெபஸ்டின், யாருக்கும் இல்ல டீச்சர் என்றார் அவர், வீட்டுக்கு வந்ததும் மாமியார் ஆரம்பித்தார், எங்க பரம்பரையிலேயே இப்படி ஒண்ணு கெடயாது, பேராம் பேரு, எல்லாம் திமிரு, நாலு போட்டா தன்னால வாசிக்கும், ஜெபஸ்டின் ஸ்கேலை எடுத்தார், அடுத்த அறையில் அவள் அலறுகிறாள், அந்த அலறல் அவளுடையதா என்னுடையதா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை, அன்றிலிருந்து அவள் வசனத்தையும் நானே முந்திப் படித்து, சோறு ஊட்டுகிற சாக்கில் அவள் காதில் ஓதிவிடுகிறேன், எங்கள் வீட்டில் ஜெபம் இந்த அழகில் நடக்கிறது.

இன்றைக்கும் ஓதிவிட்டுத்தான் உட்கார்ந்தேன், பாட்டு முடிகிற நேரத்தில் மாமாவின் தம்பி தவமணிச் சித்தப்பா திசையன்விளையிலிருந்து வந்து நிற்கிறார், வாடே, இப்படி உக்காரு என்று மாமா தன் பக்கத்தில் இடம் விடுகிறார், பாவி மனுஷன், ஒரு நாள் கழித்து வந்திருக்கக் கூடாதா, ஒரு தலை கூடினால் எல்லாருக்கும் ஒரு வசனம் தள்ளிப்போகுமே, மாமா, சித்தப்பா, மாமியார், அப்புறம் ஜெபஸ்டின் வாசிக்கிறார், அது ஷாரோனுக்கு நான் ஓதிவிட்ட வசனம், அவளுக்கு என்ன தெரியும், கணீரென்று அதையே திருப்பிச் சொல்கிறாள், ஏட்டி, இத இப்பதான நான் வாசிச்சேன், புஸ்தகத்தப் பாக்கியா இல்ல மோட்டுவளையப் பாக்கியா என்கிறார் ஜெபஸ்டின், பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது, இப்போது அவளுக்கு வந்திருப்பது மத்தியானம் முழுக்க நான் உயிரை விட்டுப் படித்த வசனம், வரி காட்டுகிற மாதிரி குனிந்து அதை அவள் காதில் சொல்கிறேன், சொல்லச் சொல்ல அவள் சொல்கிறாள், ஒரு எழுத்து பிசகவில்லை, ம், அப்படி வாசி மக்களே என்கிறார் மாமா.

இப்போது என் முறை, கண்ணெரிச்சல் என்று சொல்லிவிடலாம், வாய் வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் ஷாரோன் வசனத்தை மாற்றிச் சொன்னதற்கு ஜெபம் முடிந்ததும் அந்த ஸ்கேல் அலமாரியை விட்டு இறங்கும், பிள்ளைக்கு இந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வந்தது என்று இவர்களுக்கு இன்றைக்காவது தெரியட்டும், விரலை வைக்கிறேன், ஒரு எழுத்து, இன்னொரு எழுத்து, இல்லை, திரும்ப முதலிலிருந்து, என்னம்மா, ஒண்ணாங்கிளாஸ் பிள்ள மாதிரி எழுத்துக்கூட்டுத என்று சித்தப்பா சிரிக்கிறார், அப்ப இங்கருந்துதான் வந்துருக்கு என்று மாமியார் கன்னத்தில் கை வைக்கிறார், பிளஸ்டூ படிச்ச பொண்ணுன்னு சொல்லித்தான உங்கப்பா தலையில கட்டுனாரு என்கிறார் ஜெபஸ்டின், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிரிப்பு கேட்கிறது, ஷாரோன், தன் முறை முடிந்த நிம்மதியில் தாத்தாவின் மடியில் போய் விழுந்து, தாத்தா, அம்மாவுக்கு வாசிக்கவே தெரியல தாத்தா என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள், சிரிடி, நல்லா சிரி, அடி வாங்காமல் சிரி, வசனம் பாதிகூட ஆகவில்லை, மீதியையும் வாசித்துத் தொலைக்கிறேன்.