இரண்டரை இஞ்சுக் குழாய்

ஏசுவடியான் இரண்டு குழாய்களையும் சாக்கின் மேல் அருகருகே கிடத்திவிட்டு, கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். ஒன்று ஒன்றரை இஞ்சு. மற்றது இரண்டரை.

"எத மாட்டணும்னு நீயே சொல்லுலே. இருவது வருசமா தென்காசியில ஒர்க்ஷாப் வச்சிருக்கேன். புதுக் குழாய மாட்டிட்டுப் போயி, மறுநாளே பழசக் கேட்டு வந்தவன் நீ ஒருத்தன்தான்."

பேச்சிமுத்து தன் காரைப் பார்த்தான். குற்றாலத்தில் ஒரு ஜமீன் பங்களாவைக் காலி செய்தபோது அவன் கைக்கு வந்த பழைய சீமைக் கார் அது. மற்றக் கார்களின் எஞ்சின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். இதிலோ புளோயர் என்று ஒரு பெட்டி இருந்தது. அது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். திணித்ததெல்லாம் புகையாகி வெளியே போக அகலமான வழி வேண்டும். முன்பு யாரோ துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டுக் கைக்குக் கிடைத்த ஒன்றரை இஞ்சுக் குழாயைப் போட்டிருந்தார்கள். அதனால் கார் பூனை மாதிரி சத்தமில்லாமல் போகும். மேடு கண்டால் மட்டும் தவிக்கும். புளியரை தாண்டி மலைப்பாதையில் பாதி ஏறுவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிடும்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மானேஜர், வருஷம் முழுவதும் வாடகைக்குக் கார் வேண்டும் என்று சொல்லியிருந்தார். வியாழக்கிழமை ஒரு தடவை கொதிக்காமல் ஏறிக் காட்டினால் போதும். சாரல் நின்றுவிட்டால் குற்றாலத்தில் காருக்கு ஆள் கிடையாது. மூன்று மாதம் ஓடி ஒன்பது மாதம் நிற்கிற பிழைப்பு பேச்சிமுத்துவுக்கு அலுத்திருந்தது. அதற்காகத்தான் முந்தின நாள் இரண்டரை இஞ்சுக் குழாயை மாட்டினான். வண்டி புதுசாகப் பிறந்தது போல இழுத்தது. சத்தமும் அப்படித்தான் இருந்தது. ஏசுவடியான் எத்தனை தகடு அடைத்து சைலன்சர் செய்தாலும் உறுமல் அடங்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது பின்னால் வெடி வேறு வெடித்தது.

அந்த வெடிதான் இன்று காலை எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது.

தினமும் விடிந்ததும் பேச்சிமுத்து தென்காசியிலிருந்து நாச்சியாரையும் அவள் புருஷன் தளவாயையும் குற்றாலத்துக்கு ஏற்றிப் போவான். தளவாய் பட்டாளத்தில் இருந்தவன். யுத்தம் முடிந்து பன்னிரண்டு வருஷமாகியும் அவனுக்கு மட்டும் அது முடியவில்லை. பேச்சு கிடையாது. சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் தரையில் விழுந்துவிடுவான். பஸ்ஸில் ஏற்றினால் குதித்துவிட்டான். நடத்திக் கூட்டிப்போனால் லாரி வரும்போதெல்லாம் வயலுக்குள் ஓடினான். சத்தமில்லாத இந்தக் காரில்தான் அசையாமல் உட்கார்ந்தான். தலையில் எண்ணெய் வைத்து நாற்பத்தெட்டு நாள் அருவியில் நிறுத்துவதாகக் குற்றாலநாதருக்கு நாச்சியார் நேர்ந்திருந்தாள். பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. ராத்திரி கொஞ்சம் தூங்குகிறான் என்று அவள் சொன்னபோது பேச்சிமுத்து அருவிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.

இன்று காலை காசிமேஜர்புரம் தாண்டி வெடி வெடித்ததும் தளவாய் காரின் தரையில் சுருண்டுவிட்டான். அருவிக்கரை வரை போயும் இறங்கவில்லை. நாச்சியார் ஒரு செம்பில் அருவித் தண்ணீர் கொண்டுவந்து, அவன் தலையில் தெளித்து, கணக்குக்கு அதையும் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டாள். பேச்சிமுத்துவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

"அண்ணாச்சி, சின்னதையே போடும்" என்றான் பேச்சிமுத்து.

"கோட்டிக்காரப் பயலே! வியாழக்கிழம மலையேறணுமேலே?"

"ஏறுத வரைக்கும் ஏறட்டும்."

"மானேஜர் வேற காரப் பாத்துக்கிடுவாரு. நீ ஐப்பசியில இந்தக் காருக்குள்ளயே உக்காந்து மழைய வேடிக்க பாரு."

"சரி, பாக்கேன்."

ஏசுவடியான் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தளவாயின் கதை தென்காசியில் தெரியாதவர்கள் இல்லை. பிறகு காருக்கு அடியில் படுத்தார். இரண்டரை இஞ்சுக் குழாயை மட்டும் பழைய இரும்போடு போடாமல் சுவரோரம் சாய்த்துவைத்தார்.

வியாழக்கிழமை மலைப்பாதையில் மூன்றாவது வளைவிலேயே கார் கொதித்தது. மானேஜர் நல்ல மனுஷர். பாறையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, "திங்கக்கிழமை வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள சரி பண்ணிட்டு வந்தா இன்னொரு தடவ ஏறிப் பாப்போம்" என்றார். பேச்சிமுத்து தலையை ஆட்டினான். ரேடியேட்டரில் ஓடைத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தான். இதை அவன் நாச்சியாரிடம் சொல்லவில்லை. நாம் ஒருவருக்குச் செய்ததை அவரிடமே போய்ச் சொன்னால், செய்ததில் பாதி நம்மிடமே திரும்பி வந்துவிடும் என்று அவன் நினைத்திருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது என்பதும் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை காலை சாரல் இல்லாமல் வெயில் எட்டிப் பார்த்தது. அருவியில் குளித்துவிட்டு வந்த தளவாயை நாச்சியார் தலை துவட்டி நிறுத்தியிருந்தாள். பேச்சிமுத்து எஞ்சினை எழுப்பினான். ஏறி உட்காரவேண்டிய தளவாய் ஏறவில்லை. காரைச் சுற்றிப் பின்பக்கம் போனான். புகைக் குழாயின் முன்னால் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையைக் குழாய் வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தான். கையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தான். காய்ச்சல்காரக் குழந்தையின் மூச்சைப் பார்க்கிறவன் போல இருந்தது அவன் முகம்.

"மூச்சு முட்டுது" என்றான்.

நாச்சியாரின் கையிலிருந்து செம்பு விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்துக்கு அவன் தோள் ஒரு தடவை துள்ளியது. ஆனால் அவன் எழுந்து ஓடவில்லை.

"யாருக்கு? உங்களுக்கா?" என்று கேட்டாள் அவள்.

"வண்டிக்கு." தொண்டை கரகரத்தது. "புளோயர் வச்ச வண்டிக்கு ஒண்ணரையா போடுவாக? எவன்வே இதுக்கு மிஸ்திரி?"

பேச்சிமுத்து இறங்கி வந்தான். நாச்சியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இவுக பர்மாவுல பீரங்கி இழுக்குத வண்டிதான் அண்ணாச்சி ஓட்டுனாக. வேலயே இதுதான்" என்றாள்.

"மிஸ்திரி மேல குத்தமில்ல" என்றான் பேச்சிமுத்து. "நாந்தான் போடச் சொன்னேன். பெருசு போட்டா சத்தம் வருது."

தளவாய் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு ஒரு நா வெடிச்சுதே. அன்னைக்கு வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் நல்லா இல்ல."

"அது பரவாயில்ல, தம்பி..."

"எனக்காவ வண்டியக் கொல்லாதேயும், ஓய். ரெண்டரை போடும்."

அவ்வளவுதான். வீடு போய்ச் சேரும்வரை நாச்சியார் கேட்ட எதற்கும் பதிலில்லை.

அன்று பகல் ஏசுவடியான் வேதக்கோவிலுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் காருக்கு அடியில் போனார். ஞாயிற்றுக்கிழமை அவர் சுத்தியலைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

"ஆண்டவர் கோவிச்சுக்கிட மாட்டாரா, அண்ணாச்சி?" என்றான் பேச்சிமுத்து.

"அவரு கிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ அந்த ஸ்பேனர எடு" என்றது அடியிலிருந்து குரல்.

திங்கட்கிழமை காலை பேச்சிமுத்து நாச்சியார் வீட்டுத் தெருமுனைக்கு இந்தப் பக்கமே காரை நிறுத்திவிட்டு நடந்து போனான். மானேஜர் பத்து மணிக்குச் செங்கோட்டையில் காத்திருப்பார். அதற்கு முன்னால் இந்த இரண்டு பேரும் குளித்து வீடு சேரவேண்டும். இந்தச் சத்தத்துக்குள் தளவாய் ஏறுவானா என்பதே அவனுக்குத் தெரியவில்லை. 'ஏறாவிட்டால் மறுபடி கழற்றிவிடுவேன், விசுவநாதா' என்று தென்காசிக் கோவிலின் மொட்டைக் கோபுரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டான்.

தளவாய் தலையையும் காதையும் சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தான். காரை நெருங்கியதும் நின்றான். நாச்சியார் பின்கதவைத் திறந்து காத்திருந்தாள். அவன் அவளைத் தாண்டிப்போய் முன்கதவைத் திறந்து, பேச்சிமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

எஞ்சின் உறுமியது. தளவாய் துண்டின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டான். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. பின்சீட்டில் நாச்சியார் வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள். மேலகரம் போயிற்று. காசிமேஜர்புரம் வந்தது. பேச்சிமுத்து காலைத் திடீரென்று எடுக்காமல், கிண்ணத்து எண்ணெய் தளும்பாமல் நடக்கிறவன் போலப் பதமாக ஓட்டினான். மேடு தொடங்கியது. கியர் மாற்றக் கையை இறக்கியபோதுதான் அவன் கீழே பார்த்தான்.

மூடிய கண் மூடியபடியே இருக்க, காதை அழுத்திய கை அழுத்தியபடியே இருக்க, தளவாயின் இடது கால் மட்டும் எழுந்து, அங்கே இல்லாத கிளட்சை மெதுவாக மிதித்தது. கியர் விழுந்ததும் அதே நிதானத்தோடு விட்டது. சாலை இன்னும் ஏறியது. அடுத்த கியருக்குக் கையை வைத்துக்கொண்டு, பேச்சிமுத்து அந்தக் காலுக்காகக் காத்திருந்தான்.