எந்தக் கிளாசுக்குங்க?

“எந்தக் கிளாசுக்குங்க?” என்று கேட்டார் பழைய புத்தகக் கடைக்காரர் நரசிம்மலு. ஷேக் பரீத் “அஞ்சு” என்றான். அதே நேரத்தில் அவன் மனைவி உம்மல் குல்சும் “ஒண்ணு” என்றாள்.

நரசிம்மலு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு கொழந்தைங்களுங்களா?”

“ஒரே புள்ளதானுங்க. அஞ்சாவது எடுங்க. இவ ஏதோ ஞாபகத்துல சொல்றா.”

உக்கடத்தில் பஸ்களின் இரைச்சலுக்கு நடுவே, தகரக் கூரைக்குக் கீழே ஆளுயரத்துக்குப் புத்தகங்கள் அடுக்கியிருந்த கடை அது. நரசிம்மலு ஏணியில் ஏறினார். ஷேக் பரீத் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தான். மகள் அஃப்ஷீனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்க என்னென்ன வேண்டுமென்று மூன்று நாளாக யோசித்து எழுதியது. ஐந்தாம் வகுப்புப் புத்தகங்கள், கோடு போட்ட நோட்டு ஆறு, கட்டம் போட்ட நோட்டு இரண்டு, ஜியாமெட்ரி பாக்ஸ், உலக வரைபடம். ஆட்டோவுக்கும் காருக்கும் சீட் கவர் தைக்கிறவன் அவன். கையில் இருந்தது ஒரு வாரக் கூலி. புதிதாக வாங்கக் கட்டாது என்றுதான் இங்கே வந்தார்கள்.

அஃப்ஷீனுக்கு முதலில் கையெழுத்துதான் கெட்டது. நாலாம் வகுப்பு முழுக்கக் கணக்கில் முதலாவதாக வந்தவள், ஒருநாள் ஏழாம் வாய்ப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அசட்டை என்று குல்சும் அடித்தாள். அந்த அடி இப்போதும் குல்சுமின் உள்ளங்கையில் உறுத்திக்கொண்டிருந்தது. அப்புறம் கரண்ட் அடித்தாற்போல உடம்பு வெட்டத் தொடங்கியது. தட்டு தெறித்தது, தண்ணீர் பாட்டில் தெறித்தது. ஒருநாள் பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தின்போது குப்புற விழுந்து முன்பல் உடைந்தது. பள்ளித் தலைமையாசிரியை உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார். “இங்க விழுந்து ஏதாச்சும் ஆயிட்டா நாங்க பதில் சொல்ல முடியாதுங்கம்மா. நல்லா குணமாகட்டும், கூட்டிட்டு வாங்க.”

அந்தக் ‘குணமாகட்டும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஷேக் பரீத் நடமாடினான். ஒரு வருசம் ஊட்லயே படிக்கட்டும், அடுத்த ஜூனுக்கு ஆறாவதுல சேர்த்திரலாம் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னான். சாயங்காலம் தலையில் ஒட்டிய பஞ்சுத் தூளோடு வந்து, காலையில் கணக்கு, மத்தியானம் இங்கிலீஷ் என்று பேசத் தொடங்கினால் குல்சும் வாயைத் திறக்க இடமே கிடைக்காது. கிடைத்த நாளிலும் அவள் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் மாத்திரை வாங்க வரிசையில் நின்றபோது, பெரிய டாக்டர் அவளிடம்தான் சொன்னார். ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த தட்டம்மைதான் இதற்குக் காரணமாம். “அது ஒரு வாரத்துல எறங்கிருச்சுங்களே” என்றாள் குல்சும். எறங்கவில்லை, அந்தக் கிருமி இத்தனை வருசமும் மூளைக்குள்ளேயே இருந்திருக்கிறது என்றார் அவர்.

நரசிம்மலு புத்தகக் கட்டோடு இறங்கி வந்தார். ஷேக் பரீத் ஒவ்வொன்றாகப் புரட்டி, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு மஞ்சள் நிற ஜியாமெட்ரி பாக்ஸ் ஒன்றைத் திறந்து காம்பஸின் முனையைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தான். குல்சும் அதை அவன் கையிலிருந்து வாங்கி மூடினாள்.

“இது வேண்டாமுங்க. கை வெட்டறப்ப கண்ணுல குத்திக்குவா.”

“நான் பக்கத்துல இருந்து புடிச்சுக்கறேன்.”

“பெரிய எழுத்துப் புஸ்தகம் ஒண்ணு வாங்கலாமுங்க. ஒரு சிலேட்டு. தடியான கிரேயான். அது போதும்.”

“கிறுக்கா உனக்கு? அஞ்சாவது படிக்கற புள்ளைக்கு சிலேட்டா?”

“இனி புதுசா எதுவும் ஏறாதாமுங்க.” அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். “இருக்கறதும் ஒண்ணொண்ணாப் போயிருமாம். எழுத்து, பேச்சு, நடை. டாக்டர் எங்கிட்டச் சொல்லிப்போட்டாரு. நீங்க மாத்திர வாங்கப் போயிருந்தீங்க.”

ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. 

“அது நடந்து இருவது நாளாச்சே, குல்சும்.”

“ஆமாங்க.”

“எத்தன நாளைக்காமா?”

“ரெண்டு வருசம் இருந்தாப் பெருசுன்னாரு.”

நரசிம்மலு முதுகைத் திருப்பிக்கொண்டு, தூசி தட்டியிருந்த அடுக்கையே மறுபடி தட்டினார். ஷேக் பரீத் கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான், மேலே மடிய மறுக்கும்வரை மடித்தான். அவன் தன்னைத் திட்டுவான் என்று குல்சும் நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அவன் காம்பஸ் டப்பாவையும் வரைபடத்தையும் எடுத்த இடத்திலேயே வைத்தான்.

“அஞ்சாவதையும் கட்டுங்க,” என்றான் கடைக்காரரிடம். “இவ கேட்டதையும் கட்டுங்க.”

கோட்டைமேட்டிலிருந்த வீட்டுக்கு இருவரும் நடந்தே போனார்கள். புத்தகக் கட்டை அவன் தோளில் வைத்திருந்தான். வழியில் ஒரே ஒரு தடவை, “இருவது நாளா இத மனசுல வெச்சுக்கிட்டு நீ எப்படிப் புள்ள தனியாத் தூங்குன?” என்று கேட்டான். அவள் முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் அஃப்ஷீன் சுவரோரம் தலையணை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அத்தாவின் தோளில் புத்தகக் கட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சிலேட்டை நகர்த்திவிட்டு ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைத்தான் முதலில் எடுத்தாள். உள்ளே ‘ஜெனிஷா, 5-பி’ என்று யாரோ அழகாக எழுதியிருந்தார்கள். ஷேக் பரீத் வெகு கவனமாகப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, மேலே லேபிள் ஒட்டினான். பெயர், வகுப்பு, பள்ளி என்று மூன்று கோடுகள். பேனாவைத் திறந்தவனை மகள் தடுத்தாள்.

“நானே எழுதறேன் அத்தா.”

குல்சும் அவளைப் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பென்சிலை ஐந்து விரலாலும் பற்றி, ‘அ’ எழுதினாள் அஃப்ஷீன். கோணல்தான், ஆனாலும் ‘அ’. பிறகு மேலே ஒரு புள்ளி, கீழே இரண்டு புள்ளி. சரியாகத்தான் வைத்தாள். பென்சில் அடுத்த எழுத்துக்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது. அவள் நெற்றி சுருங்கியது. இன்னொரு புள்ளி வைத்தாள். அதன் பக்கத்தில் இன்னொன்று. ஷேக் பரீத்தின் கை நீண்டு வந்து பாதியிலேயே நின்றது.  அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அழுத்தி, கோட்டைத் தாண்டி, லேபிளைத் தாண்டி, பழுப்புத் தாளின் மேல் புள்ளி வைத்துக்கொண்டே போனாள்.